மையக்கருத்தைக் கேட்டால் சுருக்கத்தை எழுதும் மகள்

கேள்வி: 8-ஆம் வகுப்பில் படிக்கும் என் மகள் வாசிப்புக்கும் எழுத்துக்கும் உரிய 60 கலைச்சொற்களின் விளக்கத்தை மனப்பாடமாகச் சொல்கிறாள். ஆனால் ஒரு பத்தியின் மையக்கருத்தைக் கேட்டால் பத்தி முழுவதையும் சுருக்கி எழுதி மதிப்பெண்ணை இழக்கிறாள். இன்னும் எத்தனை சொற்களைக் கற்பிக்க வேண்டும்?

பதில்: இனி ஒன்றுகூட வேண்டாம். பேசுபொருள், மையக்கருத்து, சுருக்கம் ஆகிய மூன்றும் அவள் மனத்தில் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டினால் போதும்.

ஒரு சிறு பத்தியைப் பாருங்கள். ‘எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு எடையுள்ள இரையை இழுக்கும். அதற்கும் மிஞ்சிய இரை கிடைத்தால் மற்ற எறும்புகளை வரவழைக்கும். அவை கூடி இழுத்து, செத்த வெட்டுக்கிளியைக்கூடப் புற்றில் சேர்த்துவிடும்.’ இது எதைப் பற்றியது என்றால், எறும்புகள் இரை சேர்க்கும் முறையைப் பற்றியது, அதுவே பேசுபொருள். அதைப் பற்றி என்ன சொல்கிறது என்றால், தனியே இயலாத வேலையை எறும்புகள் கூடி முடிக்கின்றன என்கிறது, அது மையக்கருத்து. முன்னது வெறும் சொற்றொடர், பின்னது எழுவாயும் பயனிலையும் உள்ள முழு வாக்கியம். சுருக்கமோ மூன்று வாக்கியங்களின் செய்தியையும் வரிசை மாறாமல் தாங்க வேண்டும். வெட்டுக்கிளிக்குச் சுருக்கத்தில் இடம் கிடைக்கலாம், மையக்கருத்தில் கிடையாது. உங்கள் மகள் வெட்டுக்கிளியையும் சேர்த்து எழுதுகிறாள், அவ்வளவுதான்.

கலைச்சொல் தொகுப்பு என்ற பெயரில் விளக்கங்களை அச்சிட்டு விற்பவர்களிடமும், அதையே ஒப்புவிக்கச் செய்து கட்டணம் வாங்குபவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு பத்திகூட இல்லாத தொகுப்பால் எந்தப் பிள்ளைக்கும் வாசிக்க வராது. வினாத்தாள் அமைப்பவர்களும் இலேசுப்பட்டவர்கள் அல்லர். மையக்கருத்து, மையப்பொருள், உட்கருத்து என்று ஆளுக்கொரு சொல்லைப் போடுகிறார்கள். கூடிப் பேசி ஒரு சொல்லை நிலைநிறுத்த எறும்புகளுக்கு இருக்கும் ஒற்றுமைகூட அவர்களுக்கு இல்லை.

‘கருப்பொருள்’ என்ற சொல்லை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். கதையின் கருப்பொருளைக் கேட்டால், கதை முழுவதும் உணர்த்தும் கருத்தை எழுத வேண்டும். ஆனால் பழந்தமிழ்ப் பாடல்களைக் குறிஞ்சி, முல்லை என்று வகுக்கும் திணை இலக்கணத்தில் முதல், கரு, உரி என்று வரும்போது அச்சொல் நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை போன்றவற்றைக் குறிக்கும். மலைநிலமான குறிஞ்சிக்குத் தினையும் மயிலும் வேங்கை மரமும் கருப்பொருள்கள். அங்கே பாடல் உணர்த்தும் ஒழுக்கத்துக்கு உரிப்பொருள் என்று பெயர். புதுக்கவிதையின் கருப்பொருளைக் கேட்டாலோ மீண்டும் கருத்தையே எழுத வேண்டும். ஆகவே வினாவில் திணையைப் பற்றிய பேச்சு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

நாள்தோறும் ஒரு பத்தியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, 12 சொற்களுக்குள் ஒரே வாக்கியம் சொல்லச் செய்யுங்கள். ‘பற்றி’ என்று முடித்தால் பேசுபொருளிலேயே நிற்கிறாள். ‘பிறகு’, ‘அதன்பின்’ என்று தொடர்ந்தால் சுருக்கத்துக்குப் போய்விட்டாள் என்று அறிந்து, அங்கேயே நிறுத்தி மீண்டும் சொல்ல வையுங்கள்.