சனிக்கிழமைப் பையன்கள்

வணக்கம் அண்ணா,

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சின்னக் கால்பந்து கிளப்புக்குச் செயலாளர். எங்கள் லீக்கில் முதல் நான்கு அணிகள்தான் பிளே-ஆஃப் என்ற அடுத்த சுற்றுக்குப் போகும். நாங்கள் ஐந்தாவது, நான்காவது அணியைவிட ஒரு புள்ளி குறைவு. மழையில் தள்ளிப்போன ஆட்டத்தையும் சேர்த்து இந்த வாரக் கடைசியில் எங்களுக்கு இரண்டு ஆட்டம் இருக்கிறது. சனிக்கிழமை முதலிடத்து அணியோடு. ஞாயிற்றுக்கிழமை அந்த நான்காவது அணியோடு, அவர்களுக்கு அது ஒன்றுதான் பாக்கி. பதினெட்டுப் பேரில் நான்கு பேருக்குக் காயம், ஒருவருக்குத் தடை. சனிக்கிழமை ஆட்டத்தை விட்டுவிட்டு, ஜூனியர் பையன்களை அனுப்பி, பெரியவர்களை ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறது கமிட்டியில் பாதி. ஆடவே போகாமல் வாக்ஓவரே கொடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். மீதிப் பாதி இதெல்லாம் கேவலம் என்கிறது. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இரண்டே புள்ளி வித்தியாசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

ஆளைக் காப்பாற்றுங்கள். ஆட்டத்தை விடாதீர்கள். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் உங்கள் கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

முதலில் உடம்பு. ஒரு முழு ஆட்டம் ஆடிய கால் பழையபடி ஆக ஏறக்குறைய மூன்று நாள் வேண்டும். வாரம் முழுக்க வேலைக்குப் போய்வரும் ஆட்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொண்ணூறு நிமிடம் ஓடினால் தொடைத்தசை பிடித்துக்கொள்ளும், சிலருக்குக் கிழிந்தேபோகும். அதனால் பாதிப் பேரை வெளியில் உட்காரவைப்பதில் கேவலம் எதுவும் இல்லை.

அப்புறம் கணக்கு. சனிக்கிழமை தோற்றால் ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தே ஆக வேண்டும். ஜெயித்துவிட்டால் ஞாயிறு டிரா போதும். இரண்டும் டிரா ஆனால் நீங்களும் அந்த நான்காவது அணியும் ஒரே புள்ளியில் நிற்பீர்கள். அப்போது யார் மேலே? லீக்கின் விதிப்புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். 2011 அக்டோபர் 8 நமக்கு இன்னும் ஆறவில்லை. நெல்ஸ்பிரூட்டில் சியரா லியோனோடு நம் நாட்டு அணி 0-0 போதும் என்று ஆடியது, கடைசி நேரத்தில் வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தியது. ஆட்டம் முடிந்ததும் ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போய்விட்டோம் என்று மைதானத்தைச் சுற்றி ஆடிப் பாடினார்கள். நம் அணி, சியரா லியோன், நைஜர் மூன்றும் ஒன்பது புள்ளியில் இருந்தன. கோல் வித்தியாசம் பார்ப்பார்கள் என்று நாம் நினைத்தோம். விதியோ அந்த அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்த்தது. அன்றைக்கே எகிப்தில் 3-0 என்று தோற்ற நைஜர் கோப்பைக்குப் போனது. ஒரு கோலுக்கு முயன்றிருக்கலாம். வேண்டாம் என்று நாமே முடிவு செய்தோம், அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

உங்கள் கமிட்டிக்கு இங்கிலாந்தின் இரண்டு கதைகளையும் சொல்லுங்கள். 2009 டிசம்பரில் வுல்வ்ஸ் அணி மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானத்துக்குப் போனபோது, கோல்கீப்பரைத் தவிர பத்துப் பேரையும் மாற்றினார் மேலாளர் மிக் மெக்கார்த்தி. 3-0 என்று தோற்றார்கள். கூடவே பயணம் செய்து வந்த ரசிகர்கள் காசைத் திருப்பிக் கேட்டுக் கத்தினார்கள். அடுத்த ஆட்டத்தில் பர்ன்லியை 2-0 என்று ஜெயித்தார்கள், சீசன் முடிவில் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பியும்விட்டார்கள். மறுவருடம் பிளாக்பூல் மேலாளர் இயன் ஹாலோவேயும் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராகப் பத்துப் பேரை மாற்றினார். அந்தப் பத்துப் பேர் இரண்டு முறை பின்தங்கி இரண்டு முறையும் சமன் செய்து, கடைசி நிமிடங்களில்தான் 3-2 என்று தோற்றார்கள். பலவீனமான அணியை இறக்கியதாக லீக் 25,000 பவுண்டு அபராதம் போட்டபோது ஹாலோவே கொதித்தார். இவர்களும் என் ஆட்டக்காரர்கள்தான் என்பது அவர் வாதம். அந்தச் சீசனில் பிளாக்பூல் 39 புள்ளியோடு கீழே இறங்கியது, 40 புள்ளி எடுத்த வுல்வ்ஸ் தப்பியது. ஆட்களை மாற்றினால் பலன் வரும், வராது என்று இதை வைத்து யாரும் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது ஹாலோவே அனுப்பிய பத்துப் பேர். அவர்கள் ஆடப் போனவர்கள்.

நான் அப்படி அனுப்பப்பட்டவன் இல்லை. எழுபதுகளில், எனக்குப் பதினாறு வயது. எங்கள் பெரிய அணிக்கு அடுத்த வாரம் கோப்பை அரையிறுதி. அதனால் இந்த வார லீக் ஆட்டத்துக்கு எங்களை அனுப்பினார்கள். "ஓடிக் களைக்காதீர்கள், எப்படியும் தோற்கத்தான் போகிறோம்" என்றார் பயிற்சியாளர், பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே. அவர் ஏறவில்லை. 7-0. நான் இடது பின்வரிசையில் நின்றேன், நான்கு கோல் என் பக்கமாகத்தான் போனது. கம்பத்துக்குப் பின்னால் அப்பா ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார், காலை ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார். வீடு போய்ச் சேரும்வரை ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் பெரிய அணி அரையிறுதியில் ஜெயித்தது. ஊரே கொண்டாடியது, நானும் தொண்டை கட்டுமளவு கத்தினேன். ஆனால் அந்தப் பதினொரு பையன்களில் நான்கு பேர் மறு சீசனுக்கு வரவில்லை. நான் அதில் ஒருவன். அந்தக் கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை.

அதனால் வாக்ஓவர் பேச்சே வேண்டாம். இரண்டாமிடத்து அணியை நினைத்துப் பாருங்கள். ஒரு சீசன் முழுக்க உழைத்துத் துரத்திக்கொண்டு வருகிறார்கள், நீங்கள் பாட்டுக்கு மூன்று புள்ளியை முதலிடத்துக்குத் தூக்கிக் கொடுத்தால் அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? நம் டர்பன் அணி மானிங் ரேஞ்சர்ஸ் 1996-97இல் நாட்டின் உச்ச லீக்கான பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் பட்டத்தை எடுத்ததை நீங்கள் சாட்ஸ்வொர்த்தில் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். வாராவாரம் எதிரில் நின்றவர்கள் விட்டுக்கொடுக்காமல் ஆடியதால்தான் அந்தப் பட்டத்துக்கு அத்தனை மதிப்பு.

சனிக்கிழமைக்கு அனுபவமுள்ள நாலைந்து பேரையாவது பையன்களோடு இறக்குங்கள். கோல்கீப்பரும் நடுப் பின்வரிசையில் ஒருவரும் கட்டாயம், பையன்களை அதட்டி நிறுத்த ஆள் வேண்டும். மஞ்சள் அட்டை வாங்கித் தடையின் விளிம்பில் இருப்பவர்களை வெளியில் வையுங்கள். முன்வரிசையில் ஓடுகிறவர்களையும் ஞாயிறுக்கு வையுங்கள். இடைவேளை வரை 0-0 என்றால் பெஞ்சில் இருந்து ஒருவரை இருபது நிமிடம் விடலாம். புரட்டாசி விரதம் இருக்கும் பையன்கள் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டார்களா என்று வீட்டில் விசாரியுங்கள்.

பயிற்சியாளர் அவர்களோடு போக வேண்டும். பெரியவர்கள் எல்லோரும் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். ஒரு புள்ளி எடுத்துவந்தால் நாளைக்கு எவ்வளவு உதவும் என்று பையன்களுக்குக் கணக்கோடு சொல்லுங்கள், பதினாறு வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

ஆட்டம் எத்தனை மணிக்கு, எந்த மைதானம் என்று எழுதுங்கள். நான் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்