வாசகர் கேள்வி–பதில்: சிவப்பு ஒளி சிகிச்சை என்ன செய்யும், என்ன செய்யாது?

சிவப்பு ஒளி சிகிச்சை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றை இணைத்து, இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: சிவப்பு நிற வெளிச்சம் தோலில் பட்டால் உடம்புக்குள் உண்மையிலேயே ஏதேனும் நடக்குமா? வீட்டிலுள்ள சிவப்பு பல்பும் அதே வேலையைச் செய்யாதா?

நடக்கும். ஆனால் எந்தச் சிவப்பு, எவ்வளவு வலிமையுடன், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தே அது நடக்கும்.

இச்சிகிச்சையில் பெரும்பாலும் 630 முதல் 670 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள சிவப்பு ஒளியும், 810 முதல் 850 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பு ஒளியும் பயன்படுகின்றன. இவற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நீலம், பச்சை போன்ற குறைந்த அலைநீள ஒளியை இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினும் தோலின் நிறமியான மெலனினும் விரைவாக உறிஞ்சிவிடுகின்றன. 1,000 நானோமீட்டரைத் தாண்டினால் திசுக்களிலுள்ள நீர் உறிஞ்சத் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் ஒளி ஓரளவு உள்ளே செல்ல வழி கிடைக்கிறது. அப்போதும் சிவப்பு ஒளி சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள் பெரிதும் மங்கிவிடும்; அகச்சிவப்பு இன்னும் சற்று ஆழம் செல்லும்.

உள்ளே சென்ற ஒளியை ஏதேனும் ஒரு மூலக்கூறு உறிஞ்சினால்தான் விளைவு ஏற்படும். அந்த மூலக்கூறு, உயிரணுக்களுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விளக்கம். களைத்த அல்லது காயமுற்ற உயிரணுக்களில் நைட்ரிக் ஆக்சைடு இந்த நொதியில் ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனின் இடத்தை அடைத்துவிடுகிறது என்றும், ஒளி அதை விடுவிப்பதால் நொதி மீண்டும் முழு வேகத்தில் இயங்கி ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறின் உற்பத்தி கூடுகிறது என்றும், விடுபட்ட நைட்ரிக் ஆக்சைடு அருகிலுள்ள நுண்ணிய இரத்தக்குழாய்களை விரிக்கிறது என்றும் இந்த விளக்கம் கூறுகிறது. கூடவே, சிறிதளவு உருவாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள், அழற்சியையும் பழுதுபார்ப்பையும் கட்டுப்படுத்தும் மரபணுக்களுக்குச் சமிக்ஞையாகின்றன. இந்த நொதியே இல்லாத உயிரணுக்களும் ஒளிக்கு மறுவினை காட்டியதாக ஆய்வக முடிவுகள் வந்துள்ளதால், கதை இதோடு முடிந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கருதுவதில்லை.

சிவப்புச் சாயம் பூசிய பழைய வகை பல்பு தன் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிடுகிறது. தேவையான அலைநீளத்தில் அது தரும் ஒளி மிகக் குறைவு. இயன்முறை (பிசியோதெரபி) சிகிச்சையில் பயன்படும் அகச்சிவப்பு விளக்கு இதமளிப்பது வெப்பத்தால். நாம் பேசும் சிகிச்சையோ திசுவைக் குறிப்பிடத்தக்க அளவு சூடாக்காமலேயே செயல்பட வேண்டியது.

கேள்வி: இது நாசாவின் கண்டுபிடிப்பு என்று படித்தேன். சரியா?

நாசாவுக்குப் பங்குண்டு, முதலிடம் இல்லை. 1967-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழிக்கப்பட்ட எலிகளின் தோலில் 694 நானோமீட்டர் ரூபி லேசர் ஒளியைக் குறைந்த வலிமையில் செலுத்தியபோது, அந்த இடத்தில் முடி விரைவாக வளர்ந்ததைக் கண்டார். பின்னர் ஆறாத புண்களிலும் அதைச் சோதித்தார். முதல் ரூபி லேசர் 1960-இல்தான் உருவானது என்பதை நினைத்தால், மருத்துவம் எவ்வளவு விரைவில் அதைக் கையிலெடுத்தது என்பது புரியும். விண்வெளியில் செடி வளர்க்கச் சிவப்பு எல்.இ.டி. விளக்குகளை உருவாக்கிய நாசா, 1990-களில் அவற்றைக் கொண்டு காயம் ஆறுவதை ஆராயும் பணிக்கு ஆதரவளித்தது. விலையும் அபாயமும் மிக்க லேசருக்குப் பதிலாக எளிய எல்.இ.டி. போதும் என்ற எண்ணம் பரவ அந்தப் பணி உதவியது.

சில விளம்பரங்கள் டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனை இச்சிகிச்சையின் தந்தை என்கின்றன. ஒளிச் சிகிச்சைக்காக அவர் 1903-இல் நோபல் பரிசு பெற்றது உண்மை. ஆனால் அது தோல் காசநோயைச் செறிவூட்டப்பட்ட ஒளியால் குணப்படுத்தியதற்கு, அதிலும் புற ஊதாக் கதிர்களே பெரும் பங்கு வகித்தன. பெரியம்மை நோயாளிகளைச் சிவப்பு வெளிச்ச அறையில் வைக்கச் சொன்னவரும் அவர்தான் என்றாலும், மற்றக் கதிர்கள் அவர்கள் மேல் படாமல் தடுப்பதே அவருடைய நோக்கமாக இருந்தது.

கேள்வி: முகச்சுருக்கம், முடி உதிர்தல், மூட்டுவலி, உடல் எடை, மன அழுத்தம் என்று எல்லாவற்றுக்கும் இது மருந்து என்கிறார்கள். இவற்றில் எதற்கு உறுதியான சான்று இருக்கிறது?

மிக வலுவான சான்று உள்ள பயன் நீங்கள் தந்த பட்டியலிலேயே இல்லை. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சையோ, எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு முன் கடுமையான மருந்துகளோ பெறுபவர்களுக்கு வாயின் உட்சவ்வு வெந்து புண்ணாகி, விழுங்கவும் பேசவும் முடியாத நிலை ஏற்படுவதுண்டு. முன்கூட்டியே வாய்க்குள் குறைந்த வலிமை லேசர் ஒளியைச் செலுத்தினால் இந்தப் புண்களைத் தடுக்கவும் அவற்றின் கடுமையைக் குறைக்கவும் முடிகிறது. புற்றுநோயாளிகளின் துணைச் சிகிச்சைக்கான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் இதைப் பரிந்துரைக்கின்றன. சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் 2018-இல் இதற்கு ஆதரவாக வழிகாட்டுதல் வெளியிட்டது. அழகு சாதனமாக விற்க முடியாத ஒரு பயன் என்பதாலோ என்னவோ, விளம்பரங்களில் இதைக் காண முடிவதில்லை.

அடுத்து முடி. பரம்பரையாகவும் ஹார்மோன் காரணமாகவும் ஏற்படும் வழுக்கைக்கு, 2007-இல் லேசர் சீப்பு ஒன்றை அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) விற்பனைக்கு அனுமதித்தது. அதன் பிறகு நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில், ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட, சிகிச்சை ஒளி இல்லாத போலிக் கருவியைப் பயன்படுத்தியவர்களைவிட உண்மைக் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு முடியின் அடர்த்தி ஓரளவு கூடியது. முடிவேர் முற்றிலும் அழிந்து வழவழப்பாகிவிட்ட இடத்தில் இது முடியை முளைக்க வைக்காது. மாதக்கணக்கில் தொடர்ந்து செய்ய வேண்டும். நிறுத்தினால் கிடைத்த பலனும் மெல்ல நழுவிவிடும். இரும்புச்சத்துக் குறைவாலோ தைராய்டு கோளாறாலோ முடி உதிர்பவர்கள் முதலில் அந்தக் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும்.

வலியைப் பொறுத்தவரை முடிவுகள் கலவையானவை. கழுத்துவலி பற்றி 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு, 820 நோயாளிகள் பங்கேற்ற 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சிகிச்சை முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு வலி குறைந்திருப்பதாகக் கூறியது. நாட்பட்ட இடுப்புவலிக்கான 2017-ஆம் ஆண்டின் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் லேசரை மருந்தில்லா வழிகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் சான்றின் தரம் தாழ்ந்தது என்பதையும் சேர்த்தே சொன்னது. மூட்டுவலி ஆய்வுகளிலும், சரியான அளவு ஒளி கொடுக்கப்பட்டவை சாதகமாகவும் குறைவாகக் கொடுக்கப்பட்டவை பலனின்றியும் முடிந்திருக்கின்றன.

முகச்சுருக்கத்துக்குச் சிறிய ஆய்வுகள் பல உண்டு. ஜெர்மனியில் 136 தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை வீதம் 30 அமர்வுகளுக்குப் பிறகு தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தின் அடர்த்தி கூடியதாகவும் மெல்லிய சுருக்கங்கள் குறைந்ததாகவும் அளவிடப்பட்டது. தோலிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற உயிரணுக்கள் தூண்டப்பட்டுக் கொலாஜனைக் கூடுதலாகச் சுரக்கின்றன என்பது இதற்கான விளக்கம். ஆனால் இத்தகைய ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு: மாத்திரையைப் போல ஒளியை மறைக்க முடியாது. பங்கேற்பவர் தன் மேல் சிவப்பு வெளிச்சம் விழுவதை அறிவார் என்பதால், எதிர்பார்ப்பின் விளைவை ஒளியின் விளைவிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். ஆகவே முகத்தில் மிதமான பலன் கிடைக்கலாம் என்பதைத் தாண்டி எதையும் நான் சொல்ல மாட்டேன். வெயிலிலிருந்து தோலைக் காப்பது அதைவிட நம்பத்தக்க வழி.

உடல் எடைக் குறைப்பு, ஆண்மை ஹார்மோன் பெருக்கம் ஆகியவற்றுக்கு நம்பத்தக்க சான்று இல்லை. மன அழுத்தத்துக்கும் மூளைக் காயத்துக்கும் நெற்றி வழியாக அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தும் ஆய்வுகள் நடக்கின்றன. மண்டையோட்டைத் தாண்டிச் செல்லும் ஒளி மிகச் சிறிய பங்கு என்பதால், மருந்தை நிறுத்திவிட்டு இதை நாடுவது தவறு.

கேள்வி: பத்து நிமிடம் நல்லது என்றால் ஒரு மணி நேரம் இன்னும் நல்லதுதானே?

இல்லை. இத்துறையில் திரும்பத் திரும்பக் காணப்படும் உண்மை, அளவுக்கு இருமுக விளைவு உண்டு என்பது. மிகக் குறைந்த ஒளி எதையும் செய்வதில்லை. நடுத்தர அளவு தூண்டுகிறது. அதற்கு மேல் போனால் தூண்டல் மறைந்து, சில நேரங்களில் தடையாகவே மாறிவிடுகிறது. செடிக்கு நீர் ஊற்றுவதைப் போன்றதுதான் இது.

அளவைக் கணக்கிடுவது எளிது. ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் ஒளியின் வலிமையை மில்லிவாட்டில் எடுத்து, நொடிகளால் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் ஜூல் கணக்கு கிடைக்கும். 50 மில்லிவாட் ஒளி 60 நொடிகள் விழுந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 3 ஜூல். அதே ஒளி பத்து நிமிடம் விழுந்தால் 30 ஜூல். தோலின் மேற்பரப்புக்கான பல ஆய்வுகள் ஒற்றை இலக்க ஜூல்களில் நடந்தவை. கருவியைத் தள்ளி வைத்தால் வலிமை வேகமாகக் குறைவதால், எவ்வளவு தொலைவில் அளந்த எண் என்று குறிப்பிடாத கருவியைக் கொண்டு இந்தக் கணக்கையே போட முடியாது. ஆடை, களிம்பு, வியர்வை ஆகியவையும் ஒளியின் ஒரு பங்கைத் தடுத்துவிடும்.

கேள்வி: முகமூடிக் கருவியைப் பயன்படுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டால் போதுமா? குழந்தைகளின் கிட்டப்பார்வைக்கு இதே ஒளியைப் பயன்படுத்துகிறார்களாமே?

இமை, சிவப்பு ஒளியை முழுமையாகத் தடுப்பதில்லை. கருவியுடன் தரப்படும் கண்கவசத்தை அணிவதே பாதுகாப்பு. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் கூச்சமும் இமைப்பும் ஏற்படாமலேயே அது விழித்திரையை அடையும். லேசர் கருவிகளில் இந்த அபாயம் இன்னும் அதிகம்.

இரண்டாவது கேள்வி விரிவான பதிலுக்குரியது. சீனாவில், 650 நானோமீட்டர் ஒளியை நாளொன்றுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் குழந்தைகளைப் பார்க்கச் செய்த ஆய்வுகளில், கண்விழி நீளமாவதும் கிட்டப்பார்வை கூடுவதும் குறைந்தன. முடிவுகள் கவனத்தை ஈர்த்தன, கருவிகளும் வேகமாகப் பரவின. பின்னர் 2023-இல், சில மாதங்கள் இதைப் பயன்படுத்திய 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு விழித்திரை பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்தனர். 2024-இல் சீனா இக்கருவிகளை மிகக் கடுமையான கட்டுப்பாடு கொண்ட மருத்துவக் கருவிகளின் பிரிவில் சேர்த்தது. கண் மருத்துவர் விழித்திரையைத் தொடர்ந்து பரிசோதிக்கும் ஏற்பாடு இல்லாமல், வீட்டில் எந்தச் சிவப்பு விளக்கையும் குழந்தையைப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

பெரியவர்களைப் பொறுத்தவரை, முதுமையில் விழித்திரையின் மையம் தேயும் நோயின் உலர் வகைக்கு, மருத்துவமனையில் பயன்படுத்தும் ஒளிக் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 நவம்பரில் அனுமதி அளித்தது. அது அளவு கணக்கிடப்பட்ட சிகிச்சை. தோலுக்கான பலகை விளக்கை உற்றுப் பார்ப்பது அதற்கு ஈடாகாது.

கேள்வி: கருமையான தோல் உடையவர்களுக்கு இது ஒத்துக்கொள்ளுமா? யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?

ஒத்துக்கொள்ளும், ஆனால் அதே அளவில் அல்ல. மெலனின் மிகுந்த தோல் சிவப்பு ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. 2019-இல் வெளியான பாதுகாப்பு ஆய்வுகளில், வெளிர் நிறத்தவர் சதுர சென்டிமீட்டருக்கு 480 ஜூல் வரை தாங்கிய நிலையில், அடர்நிறத் தோலினருக்கான பாதுகாப்பு வரம்பு 320 ஜூல் என்று கணிக்கப்பட்டது. இரண்டுமே வழக்கமான பயன்பாட்டைவிட மிக அதிகம்தான். எனினும் குறைந்த நேரத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது நல்லது. கன்னத்தில் மங்கு உள்ளவர்களுக்கு வெளிச்சமும் வெப்பமும் கருமையைக் கூட்டக்கூடும் என்பதால், தோல் மருத்துவரைக் கேளாமல் முகத்தில் பயன்படுத்த வேண்டாம்.

லூபஸ், போர்ஃபிரியா போன்ற ஒளிக்கூச்ச நோயுள்ளவர்களும், ஒளியுணர்வைக் கூட்டும் மருந்துகளை உட்கொள்பவர்களும் மருத்துவரின் ஒப்புதலின்றித் தொடங்கக் கூடாது. புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்திலும், காரணம் தெரியாத மச்சம் அல்லது கட்டியின் மீதும் தாமாகப் பாய்ச்சிக்கொள்ளக் கூடாது. வாய்ப்புண்ணுக்கு இது தரப்படுகிறதே என்று கேட்கலாம்; அங்கே கட்டியின் இடமும் ஒளியின் அளவும் அறிந்த குழு அதைச் செய்கிறது. வலிப்பு நோயுள்ளவர்கள் விட்டுவிட்டு மின்னும் முறையைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: இதனால் வைட்டமின் டி கிடைக்குமா?

கிடைக்காது. அதற்குப் புற ஊதா பி கதிர்கள் தேவை. இக்கருவிகளில் புற ஊதாக் கதிர்களே இல்லை. அதனால்தான் வெயிலில் கருப்பதைப் போலத் தோல் கருக்கவும் செய்யாது.

கேள்வி: கருவி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? எஃப்.டி.ஏ. அங்கீகாரம் என்று எல்லாவற்றிலும் அச்சிட்டிருக்கிறார்கள்.

அந்த வாசகத்தில் மூன்று வெவ்வேறு நிலைகள் கலந்துவிடுகின்றன. நிறுவனம் தன் பெயரையும் கருவியையும் எஃப்.டி.ஏ.விடம் பதிவு செய்வது முதல் நிலை. இதற்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. ஏற்கெனவே விற்பனையிலுள்ள கருவிக்கு இது பாதுகாப்பிலும் பயனிலும் ஈடானது என்று காட்டி விற்பனை அனுமதி பெறுவது இரண்டாவது. புதிய, அபாயம் மிக்க கருவிகளுக்கு விரிவான மருத்துவ ஆய்வுகளைக் கேட்டு வழங்கும் முழு அங்கீகாரம் மூன்றாவது. வீட்டுக் கருவிகளுக்கு இரண்டாவது நிலைதான் பெரும்பாலும் சாத்தியம். அதுவும் முடி, சுருக்கம், பரு என்று குறிப்பிட்ட ஒரு பயனுக்கே செல்லும். எந்தப் பயனுக்கு அனுமதி என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். அலைநீளம் நானோமீட்டரிலும், குறிப்பிட்ட தொலைவில் ஒளியின் வலிமை மில்லிவாட்டிலும் தரப்பட்டிருக்க வேண்டும். மின்சாரம் எத்தனை வாட் செலவாகும் என்ற எண் உங்கள் தோலில் விழும் ஒளியின் அளவைச் சொல்லாது. வாங்கிய பின், பயன்படுத்தும் இடத்தைத் தொடங்கும் நாளில் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்து, மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் நின்று மீண்டும் எடுத்துப் பாருங்கள். வேறுபாடு தெரியாவிட்டால், நேரத்தைக் கூட்டுவதற்கு முன் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.