சூப் மிக்ஸை இளவட்டம் ஏன் சீண்டவில்லை?

நாற்பது தாண்டியவர்கள் தேடி வாங்குகிறார்கள், இருபது வயதுக்காரர்கள் உங்கள் சூப் மிக்ஸைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பாக்கெட்டில் 'அந்த நாள் ருசி' என்று போட்டிருக்கிறீர்களே, அந்த நாளில் அவர்கள் பிறக்கவே இல்லையே!

ருசியில் மட்டும் கை வைக்காதீர்கள், இருக்கிற வாடிக்கையாளரும் போய்விடுவார். பின்பக்கத்தைப் பாருங்கள்: 6 பேருக்கு, அடிகனமான பாத்திரத்தில், 20 நிமிடம் கிளறவும். விடுதி அறையில் ஒரு மின்சாரக் கெட்டிலோடு காலம் தள்ளும் பெண் இதைப் படித்ததும் அப்படியே கீழே வைத்துவிடுவாள். ஜப்பானில் 1958-லேயே உடனடி நூடுல்ஸைக் கொண்டுவந்த மோமோஃபுக்கு ஆண்டோவின் நிறுவனம், 1971-இல் அதைக் கப்பில் அடைத்து, டோக்கியோவின் கின்சா தெருவில் நின்றபடியே சாப்பிடும்படி விற்றுத்தான் இளைஞர்களைப் பிடித்தது.

நீங்களும் முதலில் ஒருவருக்கான சின்னப் பாக்கெட் போடுங்கள். ஆனால் ஒன்று, பச்சை மாவு வெறும் வெந்நீரில் கட்டிதட்டும், ஏற்கெனவே வேகவைத்து உலர்த்திய மாவாக மாற்ற வேண்டியிருக்கும். அப்புறம் விளம்பரத்தில் பாட்டி வேண்டாம், ராத்திரி வேலை முடிந்து பசியோடு வந்து உட்காருபவரைக் காட்டுங்கள்.