பென்ஷன் காசை எடுத்து கண் இமைக்கு ஆபரேஷன் பண்ணலாமா?

கேள்வி: தம்பி, நான் தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல இருக்கேன், வயசு 52, சம்பளம் மாசம் 22,000 ரேண்ட். அடுத்த வருஷம் மக கல்யாணம். மேல் இமை ரெண்டும் தொங்கிப்போச்சு, போட்டோல பாத்தா தூங்கி வழியுற மாதிரி இருக்கேன். ஆபரேஷனுக்கு 45,000 கேக்குறாங்க, நெத்திச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் ஊசி தடவைக்கு 4,500. டூ-பாட்ல, அதான் பென்ஷன் ஃபண்ட்ல ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடியே எடுக்கக்கூடிய பங்குல, 40,000 கிடக்கு, எடுத்துடவா?

பதில்: அக்கா, எடுக்காதீங்க, முதல்ல கணக்கப் பாருங்க. 2024 செப்டம்பர்ல டூ-பாட் வந்ததுலேருந்து எல்லாரும் அத பேங்க் அக்கவுண்ட் மாதிரியே நெனக்கிறாங்க, ஆனா எடுக்குற காசு அந்த வருஷ சம்பளத்தோட சேந்துதான் வரிக்குப் போகும், உங்க சம்பளத்துக்கு 26 சதவீதம், அதாவது 10,400 வரி ஆபீஸ் சார்ஸுக்குப் போயிடும், பழைய வரி பாக்கி இருந்தா அதையும் பிடிச்சுக்குவாங்க, ஃபண்ட்காரன் ஃபீஸ் வேற. கைக்கு 29,600 கூட வராது, ஆபரேஷனுக்கே பத்தல. அதே 40,000 சும்மா கெடந்து வருஷம் 8 சதவீதம் வளந்தா, 65 வயசுல லட்சத்தைத் தாண்டிடும்.

இமையையும் சுருக்கத்தையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்காதீங்க. தோல் தொங்கி பார்வைய மறைக்குதுன்னா அது வெறும் அழகு விஷயம் இல்ல. கண் டாக்டர்கிட்ட போய் பார்வை எவ்வளவு தூரம் மறையுதுன்னு டெஸ்ட் எடுத்து, மெடிக்கல் எய்டுக்கு (உங்க மருத்துவ இன்சூரன்ஸ்) முன்கூட்டியே எழுதிக் கேளுங்க, பிளானைப் பொறுத்து கொடுக்க வாய்ப்பு இருக்கு. அழகுக்குன்னு எழுதினா ஒரு சென்ட் வராது. இல்லன்னு சொன்னாலும் எழுத்துல வாங்கிக்கோங்க. அப்புறம் அந்த 45,000ல சர்ஜன் ஃபீஸ் மட்டுமா, மயக்க டாக்டரும் தியேட்டரும் சேத்தா, தையல்ல ஏதாச்சும் ஆச்சுன்னா யார் செலவுன்னு கேளுங்க, இந்தக் கேள்விய கேக்காமப் போய் மாட்டினவங்க என்கிட்டயே வந்திருக்காங்க.

போடாக்ஸ் வேற கதை. மூணு நாலு மாசத்துல அதோட வேலை எறங்கிடும், அதனால அது ஒரு தடவை செலவு இல்ல, டிஎஸ்டிவி சேனலுக்குக் கட்டுற மாதிரி சந்தா. வருஷத்துக்கு மூணு தடவைன்னா 13,500, பத்து வருஷத்துல விலையே ஏறலன்னாலும் 1,35,000. கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவைன்னா போட்டுக்கோங்க, நான் தடுக்கல, நம்ம மனசுக்கும் ஒரு சந்தோஷம் வேணும்ல. பர்சனல் லோன் மட்டும் வேண்டாம், வட்டி 20 சதவீதத்துக்கு மேல போறது சகஜம். மாசம் 500 ஒதுக்குங்க, ஒம்பது மாசத்துல ஊசிக் காசு வந்துடும்.

சலூன்ல பாதி விலைக்குப் போடுறாங்கன்னு போயிடாதீங்க, டாக்டர் பேர் டாக்டர்களைப் பதிவு பண்ற ஹெச்பிசிஎஸ்ஏ கவுன்சில் ரிஜிஸ்டர்ல இருக்கான்னு ஆன்லைன்லயே பாக்கலாம், காசு கட்டத் தேவையில்ல. கல்யாணத்துக்கு முந்தின வாரம் போய் ஊசி போடவும் வேண்டாம், முழுசா வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும், ஒரு மாசம் முன்னாடியே முடிச்சிடுங்க. இமை ஆபரேஷன்னா வீக்கமும் நீலமும் வத்த இன்னும் கூட டைம் விடணும்.