வொரன்டி இருக்கும்போது சோதனைக்கு ஏன் காசு?

வாகனம்: கேள்வி – பதில்

ஏஜென்ட் விற்ற காரை இரண்டாம் கையாக வாங்கினேன். கம்பனி வொரன்டி இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. கினிகத்தேனையிலிருந்து ஏறி வரும்போது என்ஜின் உதறி, செக் என்ஜின் லைட் எரிந்தது. வேர்க்‌ஷொப்பில் ஸ்பார்க் ப்ளக் மாற்றிவிட்டு, 'டயக்னோஸ்டிக் சார்ஜ்' என்று 9,500 ரூபாயும் பில்லில் சேர்த்திருக்கிறார்கள். இது நியாயமா?
– வாசகர், ஹட்டன்

பழுது எந்தப் பாகத்தில் என்பதைப் பொறுத்தே இது தீரும். வொரன்டிக்குள் வரும் பாகம் பழுதாகியிருந்தால், அதைக் கண்டுபிடித்த கூலியையும் சேர்த்து வேர்க்‌ஷொப் கம்பனியிடம் கேட்பதுதான் வழமை. வாடிக்கையாளரிடம் வாங்கத் தேவையில்லை. ப்ளக், பிரேக் பேட், கிளட்ச் தட்டு, பில்டர், வைப்பர் எல்லாம் தேயும் பாகங்கள். அநேகமாக எல்லா வொரன்டிப் புத்தகங்களும் அவற்றை விலக்கியே வைத்திருக்கும். உங்கள் பழுது உண்மையில் ப்ளக்தான் என்றால், அவர்கள் காசு கேட்டதில் பிழை சொல்ல முடியாது.

ஆனால் ப்ளக்தான் என்று எப்படி முடிவெடுத்தார்கள்? அதைக் கட்டாயம் கேளுங்கள். ஸ்கேனர் மாட்டி, கார்க் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பழுதுக் குறியீட்டை (கோட்) வாசிப்பது ஐந்து நிமிட வேலை. பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டுமே பொருள். ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலா, ப்ளக்கா, பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரா, சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரெஷன்) குறைவா என்று அந்தக் கோட் சொல்லாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் கொயில் உள்ள என்ஜினில் இரண்டாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டாவதில் போட்டு ஓட்ட வேண்டும். கோட் பி0303 ஆக மாறினால் குற்றவாளி கொயில். அது வொரன்டியில் வரவேண்டிய பாகம். கோட் பி0302 ஆகவே நின்றால் அதே முறையில் ப்ளக்கை மாற்றிப் பார்க்க வேண்டும், பிறகு இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரெஷன். இவ்வளவும் செய்திருந்தால் அது சோதனை, கூலி கேட்கலாம். கோட்டை வாசித்துவிட்டு நேரே ப்ளக்கை மாற்றியிருந்தால் அது ஊகம். ஊகத்துக்கு 9,500 ரூபாய் கொடுப்பது அநியாயம்.

சமதரையில் வராத உதறல் ஏற்றத்தில் வருவதற்கும் காரணம் உண்டு. பாரம் இழுக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் ப்ளக் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் தேவை. தளர்ந்த கொயிலோ, தேய்ந்து இடைவெளி அகன்ற ப்ளக்கோ அங்கேதான் தோற்கும். லைட் நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கன்வேட்டருக்குள் போய் அதையும் கெடுத்துவிடும், அதன் விலை கொயிலைப் போலப் பல மடங்கு.

அடுத்த முறை ஜொப் கார்டில் கையெழுத்துப் போடுமுன் இதை எழுதச் சொல்லுங்கள்: "பழுது வொரன்டிக்குள் வந்தால் சோதனைக் கட்டணம் இல்லை. வராவிட்டால் அதிகபட்சம் இத்தனை ரூபாய். உரிமையாளரைக் கேட்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக்கூடாது." கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, வொரன்டி நாட்கள் முதல் உரிமையாளருக்குக் கார் கொடுத்த திகதியிலிருந்து எண்ணப்படும். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. உங்கள் பதினொரு மாதத்தைச் சர்விஸ் புத்தகத்தில் ஒரு தடவை சரிபாருங்கள். கிலோமீற்றர் எல்லை முந்திவிட்டால் மாதக் கணக்கு உதவாது.

ஊர் கராஜில் ஸ்கேன் பண்ணி செக் என்ஜின் லைட்டை அணைத்துவிட்டுத்தான் கொழும்பு ஏஜென்டிடம் காரைக் கொண்டு போனேன். 'பழுது எதுவும் இல்லை' என்று சொல்லிச் சோதனைக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது நானுஓயாவில் லைட் மறுபடி எரிந்தது.
– வாசகர், நுவரெலியா

அணைத்ததுதான் வினை. பழுது பதிவான நொடியில் வேகம், என்ஜின் சுற்று, தண்ணீர்ச் சூடு, பாரம் ஆகியவற்றைக் கம்ப்யூட்டர் ஒரு படம்போலப் பிடித்து வைத்திருக்கும். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்பது அதைத்தான். கோட்டை அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரி வயரைக் கழற்றினாலும் பெரும்பாலும் இதே கதி. ஊர் கராஜில் வாசிக்கக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கோட்டையும் ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தையும் போனில் படம் எடுங்கள், அழிக்க விடாதீர்கள்.

இப்போது மீண்டும் எரிந்திருப்பது உங்களுக்கு நல்லது. அப்படியே கொண்டு போங்கள். எந்த கியரில், எத்தனை கிலோமீற்றர் வேகத்தில், குளிர் என்ஜினிலா சூடேறிய பிறகா, மழையிலா என்று எழுதிக் கொடுங்கள். காலைக் குளிரில் மட்டும் வரும் பழுதென்றால் கொழும்பு வெயிலில் அது தலைகாட்டாது. மலைநாட்டில் ஏஜென்டின் கிளை இருந்தால் அங்கே இரவு நிறுத்திவிட்டு, காலையில் மெக்கானிக் பக்கத்தில் இருக்க நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். முதல் கட்டணத்தின் பில்லை வைத்திருங்கள். அதே பழுது வொரன்டிக்குள் உறுதியானால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்தால் எங்கே முறையிடுவது?
– வாசகர், கண்டி

முதலில் நிறுவனத்தின் மேலாளருக்கு எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறைப்பாடு செய்ய வேண்டும். 'பார்ப்போம், பேசுவோம்' என்று அவர்கள் இழுத்தடிக்கும்போது ஓடுவது உங்கள் மூன்று மாதம்தான். பில், ஜொப் கார்ட், வொரன்டிப் பத்திரம் மூன்றின் பிரதிகளையும் இணையுங்கள்.

என் கார் ரீகண்டிஷன் டொயோட்டா அக்குவா ஹைபிரிட். எல்லயிலிருந்து வெல்லவாய இறங்கும்போது, அக்சலரேட்டரில் கால் வைக்காமலே என்ஜின் இரைகிறது. விற்றவர் தந்த வொரன்டியில் 'என்ஜின், கியர்பொக்ஸ்' என்று மட்டும் இருக்கிறது. காசு கட்டி ஸ்கேன் பண்ணவா?
– வாசகர், பண்டாரவளை

லைட் எதுவும் எரியாவிட்டால் வேண்டாம். நீண்ட இறக்கத்தில் ஹைபிரிட் பேட்டரி நிறைந்துவிடும். அதற்குமேல் சார்ஜ் ஏற்ற இடமில்லாததால், கார் என்ஜினைப் பெற்றோல் இல்லாமல் சுழற்றி வேகத்தைப் பிடிக்கிறது. கேட்கும் இரைச்சல் அதுதான். கியர் லீவரை 'B' (என்ஜின் பிரேக்) நிலையில் போட்டாலும் அப்படியே இரையும். பழுதல்ல.

உங்கள் பத்திரத்தில் இல்லாத ஹைபிரிட் பேட்டரிதான் எனக்குக் கவலை. ஜப்பான் கம்பனியின் உள்நாட்டு வொரன்டி இங்கே செல்லாது. விற்றவரிடம் 'ஹைபிரிட் பேட்டரி, இத்தனை மாதம், சோதனைக் கூலி யார் பொறுப்பு' என்று இப்போதே எழுதி வாங்கப் பாருங்கள். முதல் தலைமுறை அக்குவாவின் 144 வோல்ட் பேட்டரியில் 20 மொடியூல்கள் (சிறு பேட்டரிப் பகுதிகள்). ஒன்று தளர்ந்தாலும் பி0ஏ80 என்ற கோட் வரக்கூடும். அப்போது சிலர் முழுப் பேட்டரியையும் மாற்றச் சொல்வார்கள். மொடியூல் வோல்டேஜ்களைத் தனித்தனியாக எழுதிக் காட்டச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். பின் சீட்டின் பக்கத்தில், கீழே, பேட்டரி விசிறி காற்று இழுக்கும் துவாரம் இருக்கிறது. அதன்மேல் பையோ போர்வையோ வைக்க வேண்டாம். தூசி அடைந்தால் பேட்டரி சூடேறும், விற்றவருக்கும் 'பராமரிக்கவில்லை' என்று கைகழுவ வழி கிடைக்கும். ஒவ்வொரு சர்விஸிலும் துப்புரவாக்கச் சொல்லி, அதைப் பில்லில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள்.