கேடோ ஏரிக்கு அப்பா அம்மாவோடு போகலாமா?

கேள்வி: டாலஸ் பக்கத்தில் இர்விங்கில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, முட்டிவலி உண்டு. ஆறு வயதுப் பையனும் இருக்கிறான். கூட்டமில்லாத இடம் என்று கேடோ ஏரி மாநிலப் பூங்காவைச் சொல்கிறார்கள். நவம்பரில் போகலாமா? முதலை இருக்கிறதாமே? ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

பதில்: தாராளமாகப் போங்கள். நவம்பர் முதல் பாதி அருமையான காலம். ஒரே நாளில் திரும்பும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஐ-20 சாலையில் மார்ஷல் வரை போய், அங்கிருந்து கர்னாக் பக்கம் திரும்பினால் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். காலை டிபனை முடித்துக்கொண்டு கிளம்பினால் போய்ச் சேர மதியமாகிவிடும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள் என்பதால், அதன்பின் ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். இந்த ஏரியைப் பார்க்க வேண்டிய நேரமோ விடியற்காலை. தண்ணீர்மேல் பனிமூட்டம் கலையாத அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

ஆகவே ஒரு ராத்திரியாவது தங்குங்கள். பூங்காவுக்குள் மரவீடுகள் இருக்கின்றன. 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலையில்லாமல் நின்ற இளைஞர்களுக்கு அமெரிக்க அரசு வேலை கொடுத்ததே, அந்தத் திட்டத்தில் உருவானவை. ஐந்து மாதம் முன்பே பதிவு தொடங்கிவிடுவதால் வாரக்கடைசிக்குக் கிடைப்பது கஷ்டம். செவ்வாய், புதன் என்று தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மார்ஷலிலோ ஜெஃபர்சனிலோ ஹோட்டலில் தங்கி, பூங்காவுக்கான நாள் அனுமதியை ஆன்லைனில் முன்பே வாங்கிவிடுங்கள்.

ஏரி என்றதும் வீராணம் மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். பிச்சாவரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இது நன்னீர். தண்ணீருக்குள்ளேயே நிற்கும் பால்ட் சைப்ரஸ் மரங்கள், நடுவே சந்துசந்தாக நீர்வழிகள். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் ஜாதி இது. நவம்பரில் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். கிளைகளில் நரைத்த சடைபோலத் தொங்குவதை ஸ்பானிஷ் பாசி என்பார்கள். அது பாசியுமல்ல, மரத்தின் சாற்றை உறிஞ்சும் புல்லுருவியுமல்ல. அன்னாசிப் பழக் குடும்பத்துச் செடி, காற்றிலும் மழையிலும் இருந்தே பிழைத்துக்கொள்கிறது. பையன் பறிக்க ஆசைப்படுவான், விடாதீர்கள். பூங்காவுக்குள் செடிகொடிகளைப் பறிக்கக் கூடாது.

இனிப் படகு. அப்பாவைத் துடுப்புப் படகில் ஏற்ற வேண்டாம். கனூ ஆடும். உட்காரவும் எழவும் முட்டியை நன்றாக மடக்க வேண்டும். பக்கத்தில் அன்சர்ட்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ‘நிச்சயமில்லை’ என்பதுதான் அந்த ஊரின் பெயரே. அங்கிருந்து வழிகாட்டிகள் தட்டையான பான்டூன் படகில் அழைத்துப்போவார்கள். பெஞ்சு, கைப்பிடிக் கம்பி எல்லாம் இருக்கும், அம்மாவுக்கும் பயமில்லை. ஏரி 26,000 ஏக்கருக்கு மேல், எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி மரங்கள். நீர்வழிகளில் எண் பலகை நட்டிருந்தும், முதல் தடவை நானே துடுப்புப் போட்டுக்கொண்டு போய், ஒரே மரத்தை மூன்று முறை சுற்றிவந்தேன்.

நீங்களும் பையனும் துடுப்புப் போட ஆசைப்பட்டால், பூங்காவுக்குள் இருக்கும் சா மில் குளமே போதும். கனூ வாடகைக்குக் கிடைக்கும். தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். அது அழுக்கல்ல, இலையும் பட்டையும் ஊறி இறங்கிய துவர்ப்புச் சாயம். மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கூம்பு கூம்பாக முளைத்திருப்பதை ‘முழங்கால்’ என்கிறார்கள். சில நீருக்கு ஒரு சாண் கீழே மறைந்திருக்கும். படகின் அடியில் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டால் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. படகு பின்னோக்கி நகரும்படி துடுப்புப் போட்டால் தானே வழுக்கி வந்துவிடும்.

பதின்மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் இந்த மாதிரிப் படகில் உயிர்காப்புச் சட்டை போட்டே ஆக வேண்டும், டெக்சாஸ் சட்டம் அப்படி. கரையிலேயே போட்டுவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் அளவு பெரிது, வேறு கேளுங்கள்.

முதலை உண்மைதான். குளிர் ஏற ஏற அதன் நடமாட்டம் குறைந்துவிடும், நவம்பரில் நீங்கள் பார்க்காமலே திரும்பினாலும் ஆச்சரியமில்லை. பார்த்தால் முப்பது அடியாவது தள்ளி நில்லுங்கள். உணவு போடுவது சட்டப்படி குற்றம். மனிதரைக் கண்டால் தீனி என்று பழகிய முதலையால்தான் ஆபத்து. பையனைத் தண்ணீர் ஓரத்தில் தனியாக விடவேண்டாம், தண்ணீரில் இறக்கவும் வேண்டாம். மீன்பிடிப்பது அவனுக்குப் பிடிக்கும். பூங்காவின் கரையிலோ துறையிலோ நின்று பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை.

நீர்மேல் பச்சைப் பாய் விரித்ததுபோல் ஒரு செடி தெரிந்தால் அது ஜெயன்ட் சால்வினியா. கேரளத்தில் ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்று வயல்களையும் காயல்களையும் அடைத்த அதே செடி. சூடான காலத்தில் ஒரு வாரத்தில் இரட்டிப்பாகும். வெயிலை மறைத்து, கீழே இருக்கும் உயிர்களைத் திணறடித்துவிடும். அதைத் தின்னும் பொடிவண்டை வளர்த்து இந்த ஏரியில் விடுகிறார்கள், கேரளத்திலும் 1980களில் செய்ததுதான். உங்கள் பங்குக்கு, கரையேறியதும் துடுப்பு, செருப்பு, தூண்டில் எல்லாவற்றையும் துடைத்து, ஒட்டியதை எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு துண்டு இன்னொரு ஏரிக்குப் போனாலே போதும், அங்கே பரவ ஆரம்பித்துவிடும்.

ஒன்றை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நம்மவர்கள் கூட்டமாக வரும்போது பாட்டு அலறுவதைக் கேட்டிருக்கிறேன், மனசு வலித்தது. ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம். பகலிலும் இங்கே மீன் துள்ளும் சத்தம்கூடக் காதில் விழும்.

காலையில் குளிரும், அப்பா அம்மா இருவருக்கும் ஸ்வெட்டர், மப்ளர் எடுத்துவையுங்கள். புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள். அலைபேசி வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு மடக்கு நாற்காலி. ஏழு மணிக்குள் சா மில் குளத்துத் துறையில் அப்பாவை அதில் உட்காரவைத்து, பிளாஸ்க் காபியைக் கையில் கொடுத்துவிட்டுப் பையனோடு படகை எடுங்கள். மரத்தூர்களுக்கு நடுவே நீங்கள் திரும்பி வருவது வரை அவருக்கு அங்கிருந்தே தெரியும்.