கண்புரை ஆபரேஷனில் எந்த லென்ஸ் வைக்கலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: அம்மாவுக்குப் புரை நன்றாக முற்றட்டும் என்கிறார் பெரியப்பா. காத்திருக்கலாமா? (காரிமங்கலம்)

ப: வேண்டாம். முற்றினால் கல்லாக இறுகும், உடைத்தெடுக்கும்போது கருவிழிக்குச் சேதம் வரலாம். அன்றாட வேலைக்கு இடைஞ்சலானால் அதுதான் நேரம்.

கே: மடங்கும் லென்ஸா, மடங்காத லென்ஸா? (அரூர்)

ப: மடங்காததற்கு 6 மி.மீ. வழி வெட்ட வேண்டும். மடங்குவதற்கு 3 மி.மீ.க்குள் போதும், சீக்கிரம் ஆறும். ஆறிய பிறகு தூரப்பார்வையில் பெரிய வித்தியாசமில்லை. 1949-ல் லண்டனில் ரிட்லி முதன்முதலாக வைத்ததே மடங்காத பிளாஸ்டிக்தான். அரசு மருத்துவமனையில் இலவசமாக வைத்தால் மட்டம் என்று நினைக்காதீர்கள்.

கே: இருப்பதிலேயே பெஸ்ட் லென்ஸ் எது? பணம் பிரச்சினை இல்லை. (தர்மபுரி)

ப: வயது எழுதவில்லை, சர்க்கரை உண்டா எழுதவில்லை, தொழிலும் எழுதவில்லை. பணம் இருப்பதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்! மாதம் பத்து கடிதம் இப்படித்தான் வருகிறது.

மல்டிஃபோகல் லென்ஸ், வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது. பாகம் பிரித்த பிறகு யாருக்கும் முழு நிலம் கிடையாது. வேறொரு இடத்தில் அதை வைத்துக்கொண்ட லாரி ஓட்டுநர் ஒருவர் என்னிடம் வந்தார். பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படித்துக் காட்டினார். ஆனால் ராத்திரி தொப்பூர் இறக்கத்தில் எதிரே வரும் ஒவ்வொரு ஹெட்லைட்டும் குடை விரித்த மாதிரி தெரிகிறதாம். அவருக்கு மோனோஃபோகலும் (ஒரே தூரத்துக்கான லென்ஸ்), படிக்க ஒரு 2.5 பவர் கண்ணாடியும் போதுமாக இருந்தது. சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தாலும், கண் அழுத்த நோய் இருந்தாலும் மல்டிஃபோகல் பக்கம் போகாதீர்கள். எந்த லென்ஸானாலும் பவர் கணக்கு தப்பினால் காசு வீண். கண்ணை இரண்டு தடவை அளக்கச் சொல்லுங்கள்.

கே: என் சிலிண்டர் பவர் 2. டோரிக் தேவையா? (ஓசூர்)

ப: கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் சிலிண்டர் பவரைச் சரிசெய்யும் லென்ஸ்தான் டோரிக். கண்ணாடிச் சீட்டிலுள்ள 2-ஐ நம்பாதீர்கள். அதில் கருவிழியின் பங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டும். டோரிக் உள்ளே 10 டிகிரி திரும்பினாலே பலனில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. அதனால் மறுபடியும் சொல்கிறேன், இரண்டு தடவை அளக்கச் சொல்லுங்கள்.

கே: ஆபரேஷனாகி 2 வருடத்தில் மங்கல். லென்ஸ் காலாவதியா? (ஊத்தங்கரை)

ப: லென்ஸ் என்ன மாத்திரையா, காலாவதியாக? அதன் பின்னாலுள்ள உறை மங்கியிருக்கலாம். யாக் லேசரில் ஐந்து நிமிட வேலை. முதலில் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையையும் கொண்டுபோங்கள்.

கே: புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறேன். ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்பு நிறுத்தினால் போதுமா? (பாலக்கோடு)

ப: போதாது. நிறுத்திய பிறகும் கண்ணின் பாப்பா சரியாக விரியாமல் போகலாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். முன்கூட்டியே சொன்னால் சர்ஜன் அதற்குத் தயாராக வருவார்.